சுவர் எடுத்த ஆலம்

கோடையில் மெலிந்து ஒருபக்கமாக ஒதுங்கி ஓடிய முகிலாற்றின்மீது அந்திநிலா எழுந்துகொண்டிருந்த வேளையில், ஓவியப் பெண் சேந்தி, மஞ்சள் பூசிக் குளிக்க வந்ததையும் மறந்து, மணலில் அமர்ந்து ஒரு சிறு சிக்கலோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். எழுதும்போது எவர் கண்ணிலும் படாமல், நாளை மன்னர் வரும்போது மட்டும் தெரியும்படி ஒரு சித்திரத்தை எழுதுவது எப்படி?

வாசகர்களே, அவள் எழுத விரும்பியது ஏரி அதிகாரி விழுப்பரையனைத்தான். மதகை அடைத்து ஊர்த் தண்ணீரைப் பொன்னுக்கு விற்றவன் அவன். குடவயிற்றோடு அவன் ஏரியையே உறிஞ்சிக் குடிப்பதாக அவளும் அவள் காதலன் காடனும் கோட்டைச் சுவர்களில் எழுதியவையெல்லாம் விடியுமுன் சுண்ணாம்புக்குள் மறைந்தன. நேற்றுக் காடன் பிடிபட்டான். நாளை அந்தியில் அவன் வலக்கையை வெட்டுவார்கள். நண்பகலில் வரும் மன்னர் உண்மையைக் கண்டாலன்றி அந்தக் கை தப்ப வழியில்லை.

"யார் அது?"

கரையில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த காவலன் ஈரக்கையோடு இறங்கி வந்தான். சேந்தியோடு குளிக்க வந்திருந்த தோழி வடுகி அவளருகே வந்து நின்றாள்.

"கையைக் காட்டு பெண்ணே. சாயக்கறை படிந்த கையைத் தேடுகிறோம்."

"மஞ்சள்தான் ஐயா. குளிக்க வந்தேன்."

அவன் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றி நிலவுக்கு உயர்த்தினான். "நடுங்குகிறதே?"

"ஆற்றுக் காற்று ஐயா."

"இலைகூட அசையவில்லை. உனக்கு மட்டும் காற்றா?"

அதற்குள் மேலிருந்து அதட்டல் வந்தது: "சுண்ணாம்பு எங்கேயடா? கோட்டை வாசலில் புதிதாய் எழுப்பிய மண்சுவருக்குக் காலையில் வெள்ளையடிக்க வேண்டும். மன்னர் வரும்போது ஈரம் மின்ன வேண்டுமாம்!"

காவலன் கையை உதறிவிட்டு ஏறிப்போனான்.

"அக்கா, இரத்தம்," என்றாள் வடுகி, குரல் எழும்பாமல்.

மணிக்கட்டில் ஐந்து விரல்களும் செக்கச்செவேலென்று பதிந்திருந்தன. சேந்தி தடவிப் பார்த்தாள், காயமில்லை. அவள் நடுக்கம் மெல்ல நின்றது.

"இரத்தமில்லையடி. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு ஆலம் கரைக்கிற நமக்குத் தெரியாததா? வாசல் சுவர் மஞ்சள் மண்ணால் பூசியது. அதில் மஞ்சள் சாற்றால் எழுதினால் எவனுக்கும் தெரியாது. காலையில் அவர்களே சுண்ணாம்பு கொண்டு வருவார்கள். வெள்ளையடிக்கும் மட்டையை இழுக்க இழுக்க, விழுப்பரையன் சிவப்பாக எழுந்து வருவான். மறைக்கப் பூசப் பூச இன்னும் சிவப்பான்."