பிங்கோவுக்கு எவ்வளவு பெரிய வீடு?

மயாராவின் அப்பா அதெமிருக்குச் சின்னதாக எதையும் செய்யவே வராது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆற்றுக்கு நடுவே இருக்கும் அவர்களுடைய தீவு ஊரில் ஒவ்வொரு ஜூன் மாதமும் காளைத் திருவிழா. சிவப்புக் காளைக் கட்சி ஒன்று, நீலக் காளைக் கட்சி ஒன்று; இரண்டும் அரங்கத்தில் ஆடிப் போட்டி போடும். அப்பா நீலக் கட்சியின் சிற்பி. கம்பி, துணி, காகிதக் கூழ் எல்லாம் வைத்து, தென்னை மரத்தை விட உயரமான முதலையும் கழுகும் செய்வார். அதற்கே கை பழகிவிட்டது.

ஒருமுறை அம்மா கோழிக்கூடு கேட்டாள். அப்பா செய்துகொடுத்த கூட்டுக்குள் நாலு கோழிகளும் ஒன்றையொன்று தேடி அலைந்தன. கடைசியில் அம்மா அதில் துணி காயப்போட்டாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பிங்கோ வந்தான்.

பிங்கோ ஒரு ஜிபோயாப் பாம்புக் குட்டி. நம் மலைப்பாம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விஷம் கிடையாது. மனவுஸ் நகரத்துப் பாம்புப் பண்ணையிலிருந்து, மயாரா வளர்ப்பதற்கென்று உரிமச் சீட்டோடு படகில் வந்து இறங்கினான். மயாராவின் இரண்டு கைக்குள் சுருண்டுகொண்டான். செம்பழுப்பு உடம்பு முழுக்க யாரோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்தது போலக் கோலம். அவன் நாக்கை நீட்டி அவள் விரலைத் தொட்டான். அன்றைக்கே அவன் அவளுடைய உயிராகிவிட்டான்.

"நம்ம பிங்கோவுக்கு நான் கட்டுறேன் பாரு ஒரு மாளிகை!" என்றார் அப்பா.

கட்டியும் விட்டார். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது அந்தக் கண்ணாடி மாளிகை. நீல வண்ணத் தூண்கள். தண்ணீர் கொட்டும் அருவி. நாலு மூலையிலும் விளக்கு. தெருவே திரண்டு வந்து பார்த்தது.

"பாம்பு எங்கய்யா?" என்று கேட்டார்கள் எல்லோரும்.

பாம்பு ஒரு மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பிங்கோ சாப்பிடவில்லை. பண்ணையிலிருந்து உறைய வைத்து வந்த செத்த சுண்டெலியை வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினாள் மயாரா. அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அவன் முதுகெலும்பு லேசாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

பண்ணையிலிருந்து டாக்டர் லெனீசி தொலைபேசியில் கேட்டார். "இடம் எப்படி இருக்கு?"

அப்பா தொலைபேசியைப் பிடுங்கினார். "இடத்துக்கு என்ன குறைச்சல் டாக்டரம்மா? ராஜா மாதிரி இருக்கான்!"

"அப்போ வேற ஏதோ கோளாறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை கொடுத்துப் பாருங்க. சாப்பிடலைன்னா சனிக்கிழமை படகுல ஏத்தி அனுப்பிடுங்க. இனியும் தாங்காது."

மயாரா அன்று ராத்திரி சோற்றில் கையே வைக்கவில்லை.

"அழாதே கண்ணு. இடம் பத்தலைன்னு நினைக்கிறேன்" என்றார் அப்பா. "இந்தச் சுவரை இடிச்சிட்டா, மாளிகையை அடுப்படி வரைக்கும் இழுத்துடலாம்."

"சுவர்ல கை வைச்சுப் பாருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

புதன்கிழமை காலையில் மாளிகை காலியாக இருந்தது.

அருவிக் குழாய் நுழையும் ஓட்டை வழியாகப் பிங்கோ வெளியேறிவிட்டான். மயாரா கட்டிலுக்கு அடியில் தேடினாள். செருப்புக்குள் தேடினாள். அம்மா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "அங்க பாரு, இங்க பாரு" என்று உத்தரவு போட்டாள்.

கடைசியில் அடுப்படி அலமாரிக்குப் பின்னால், மாவு மூட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு டப்பா கண்ணில் பட்டது. மூடி பாதி விலகியிருந்தது. உள்ளே பிங்கோ! நன்றாகச் சுருண்டு, நாலு பக்கமும் உடம்பு உரசும்படி, நிம்மதியாகப் படுத்திருந்தான்.

டப்பாவின் நிறம் சிவப்பு.

நீலக் கட்சி வீட்டில் சிவப்பு டப்பாவா! அந்த ஊரில் எதிர்க்கட்சிக் காளையின் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார்கள். "எதிராளி" என்பதோடு சரி. அம்மா கையைப் பிசைந்தாள். "பக்கத்து வீட்டு சுலெய்டி, எதிராளிக் கட்சிதான், மீன் வறுவல் கொடுத்து அனுப்பினா. வாசனை தூக்குச்சு, வாங்கிட்டேன். டப்பாவைத் திருப்பித் தர்றதுக்குள்ள உங்கப்பா வந்துட்டார், ஒளிச்சு வைச்சேன்."

மயாரா பிங்கோவை எடுத்து மாளிகையில் விட்டாள். அவன் உடனே மூலைக்கு ஓடினான். டப்பாவைப் பக்கத்தில் வைத்தாள். விறுவிறுவென்று ஊர்ந்து உள்ளே புகுந்துகொண்டான்.

மயாரா தரையில் குப்புறப் படுத்தாள். கன்னத்தைத் தரையில் வைத்து, பிங்கோவின் கண் இருக்கும் உயரத்திலிருந்து மாளிகையைப் பார்த்தாள்.

அம்மாடி! எவ்வளவு பெரிசு! அண்ணாந்து பார்க்கப் பார்க்கத் தூண்கள் போய்க்கொண்டே இருந்தன. எங்கே திரும்பினாலும் வெளிச்சம். ஒதுங்க ஓர் இலைகூட இல்லை. காட்டில் இப்படி ஒரு வெட்டவெளியில் குட்டிப் பாம்பு கிடந்தால் பருந்து ஒரே கொத்தாகக் கொத்திக்கொண்டு போய்விடாதா?

'பாவம், இத்தனை நாளும் பயந்துகொண்டேதான் கிடந்திருக்கிறான்' என்று நினைத்தாள்.

சரி, இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ராத்திரி பகல் பார்க்காமல் கட்டியவராயிற்றே.

அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் அவர் மடியில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, திருவிழா அன்னிக்கு நீங்க செஞ்ச கழுகு அரங்கத்துக்குள்ள போறப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"அதோட வயித்துக்குள்ள. கயிறு இழுக்க ஒரு சின்னப் பொந்து இருக்கும்ல, அங்க."

"ஏம்பா, வெளிய நின்னு கையசைக்கலாமே?"

"போடி, அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னாடியா! எனக்குக் கை காலெல்லாம் உதறும். பொந்துல முட்டியை மடக்கிட்டு உக்காந்தாத்தான் உயிர் வரும்."

"பிங்கோவும் உங்களை மாதிரிதாம்பா. உங்க மாளிகை ரொம்ப அழகு. அவன்தான் இன்னும் ரொம்பக் குட்டி."

அப்பா அவளை இறக்கிவிட்டு எழுந்து போய், மயாரா காட்டிய இடத்தில் தானும் குப்புறப் படுத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"அடக் கடவுளே" என்றார் மெல்ல. "பிள்ளையை அரங்கத்துல தனியா நிறுத்திட்டேனே." பிறகு டப்பாவைப் பார்த்தார். கண் விரிந்தது. "இது என்ன கலரு?"

"மீன் வறுவல் கலர்" என்றாள் அம்மா சட்டென்று.

"நீலம் அடிச்சிடட்டுமா?"

"வேண்டாம்பா. பெயின்ட் வாசனை அவனுக்கு ஆகாது."

அப்பா பெருமூச்சு விட்டார். ஒரு பலகையை அறுத்து, மாளிகையின் ஓர் ஓரத்தைத் தடுத்தார். பிங்கோ நீட்டிப் படுத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் நீளம். அங்கே காய்ந்த இலையும் மரப்பட்டையும் நிரப்பினார்கள். குடிக்க ஒரு கிண்ணம் தண்ணீர். நடுவில், பக்கவாட்டில் வாசல் வெட்டிய சிவப்பு டப்பா. விளக்கை அணைத்தார்கள், அருவியை நிறுத்தினார்கள், ஓட்டையை அடைத்தார்கள்.

"அவன் வளர வளரப் பலகையைத் தள்ளிக்கிட்டே போலாம்பா. ஒருநாள் மாளிகை முழுக்க அவனுக்குத்தான்" என்றாள் மயாரா.

இரண்டு நாள் யாரும் அவனைத் தொடவில்லை, எட்டியும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. மயாரா வெதுவெதுப்பான சுண்டெலியை இடுக்கியில் பிடித்து, டப்பா வாசலில் நீட்டினாள். அப்பா தரையில் மண்டியிட்டிருந்தார். அம்மாகூட நாற்காலியை விட்டு இறங்கி வந்திருந்தாள்.

இருட்டுக்குள்ளிருந்து நாக்கு எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. திரும்ப வந்தது. பிறகு ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம்! மயாராவின் தோள் வலித்தது.

சடக்!

கண்ணுக்கே தெரியவில்லை. இடுக்கி வெறுமையாக இருந்தது. டப்பாவுக்குள் பிங்கோ சுண்டெலியைச் சுற்றி வளைத்திருந்தான். அந்தக் கோலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நகர்ந்தன. மெல்ல, மிக மெல்ல, வாயைத் திறந்தான். இத்தனூண்டு தலைக்குள் இவ்வளவு பெரிய வாயா! சுண்டெலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. மூன்று பேரும் இமைக்கக்கூட மறந்துபோனார்கள். மயாராவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அவளுக்கே தெரியவில்லை.

அப்போது கதவு தட்டும் சத்தம். வாசலில் சிவப்புச் சட்டையோடு சுலெய்டி. "என் டப்பா..." என்று ஆரம்பித்தாள்.

அப்பா நுனிக்காலில் நடந்து போய்க் கதவைத் திறந்தார். உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு மெதுவா உள்ள வாங்க சுலெய்டி" என்று குசுகுசுத்தார். "உங்க டப்பாவுல எங்க பையன் சாப்பிடுறான்."