ஒரு கட்டை கீழே

களுதாவளைச் சந்தியில் வேன் நின்றபோது கம்சாயினி கண்ணைத் திறக்கவில்லை. இந்த மாதத்தில் இது ஒன்பதாவது கலியாண வீடு. வந்தாறுமூலையில் விடியுமுன் ஏறியவள், ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோலக் கிடந்தாள். தூங்குகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா...

கதவு திறந்தது. மழைக்காற்றோடு பாரமான ஏதோ ஒன்று அவள் மடியில் வந்து கிடந்தது. விழித்துப் பார்த்தாள். கறுப்பு உறைக்குள் ஒரு கீபோட். அதன் மறுபாதியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"குறை நினைக்காதீங்க. பின்னால முழுக்க ஸ்பீக்கர்."

"என்ட மடி என்ன, மேசையா?"

"மேசையெண்டா இப்படி முறைக்காதெல்லோ."

வேனை எடுத்தபடி டிரைவர் அஸ்பாக் சிரித்தார். "தங்கச்சி, அந்தத் தம்பியத் தின்னுப்போடாதீங்க. நம்மட கீபோட்காரர் ஷிஹானுக்கு டெங்குக் காய்ச்சல். இவர் ரதீஸ் வரல்லெண்டா இண்டைக்குக் கச்சேரி இல்ல."

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோபிக்கக்கூடத் தெம்பில்லை. கோபித்தால் குரல் உயரும். குரல் உயர்ந்தால் உடையும். ஐந்து மாதமாக அப்படித்தான். மேல் ஸ்தாயியைத் தொட்டால் போதும், பழஞ்சீலை கிழிவதுபோல ஒரு சத்தம். ரெண்டு மாதம் வாயே திறக்கக்கூடாது என்றார் டொக்டர். அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பாட்டுக் குழுவின் தலைவர் உதயரூபன் ஏற்கெனவே கம்பஸில் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பாட வைத்துப் பார்த்திருக்கிறார். பதினொரு வருடம் பாடிய இடம்... ஒரு தொண்டைக்காகப் போய்விடுமா?

"கலியாணப் பொம்புளை கேட்ட பாட்டு ஒண்டு இரிக்காமே," என்றான் ரதீஸ், கையில் பாட்டுப் பட்டியலோடு. "எந்தச் சுருதி?"

"ரெக்கோட்டில உள்ள சுருதிதான்."

"அது நல்ல உயரமெல்லோ?"

"எனக்குப் பழக்கம்."

அவன் பட்டியலை மடித்து வைத்தான். அவள் பிளாஸ்கைத் திறந்து சுடுதண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். களுவாஞ்சிக்குடி தாண்டுவதற்குள் நாலாவது மிடறு. அவன் எண்ணிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

குருமண்வெளித் துறையில் வேன் பாதையில் ஏறியது. ஆட்களையும் வாகனங்களையும் வாவியின் அக்கரைக்குக் கொண்டுபோகும் இரும்பு மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் இறங்கி நின்றார்கள். மழை தூறியது. சாம்பல் நிறத் தண்ணீரில் ஆயிரம் புள்ளிகள் விழுந்து விழுந்து மறைந்தன. ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் கட்டியிருந்த சேவல் ஒன்று, நனைந்த கோபத்தில் கூவிக் கூவிப் பார்த்தது.

"பாவம், சுருதி சேரல்ல," என்றான் ரதீஸ்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமி முடியும் வரை அவன் வாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நாலு வருசம் கட்டார்ல ஏசி வேலை. அங்க வெயிலுக்குள்ள நிண்டு நான் நினைச்சதெல்லாம் இந்தத் தூறலத்தான்."

திரும்பி அவன் கண்களைப் பார்த்தாள். சரியாகத் தூங்காத கண்கள். நம்மைப் போலவே ஒருத்தன்... என்று தோன்றியது. தோன்றியதும் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

மண்டூரில் பொம்புளை வீட்டு வளவில் பந்தல். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுப் பந்தி தொடங்க, கச்சேரியும் தொடங்கியது. சின்னக் குழு, கிற்றார் கிடையாது. உதயரூபன் ரிதம் பேட் அடித்தபடி ஆண் குரலில் பாடினார். இன்னொருவர் டோலக். சுருதி முழுக்கக் கீபோட்டின் கையில்.

கடைசியாக, பொம்புளை கேட்ட அந்தப் பாட்டு வந்தது. முதல் சரணம் தாண்டியது. அடுத்து அந்த உயரமான அடி. கம்சாயினி மூச்சை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இங்கேதான் உடையும்...

உடையவில்லை. கதவைத் தள்ளாமலே உள்ளே போனதுபோலக் குரல் மேலேறி நின்றது. பந்தியில் சோற்றுக் கையோடு இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மணவறையில் பொம்புளை கைதட்டினாள்.

ஒரு நொடிதான் சந்தோசம். அடுத்த நொடி அவளுக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். ரதீஸ் குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

கச்சேரி முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால், சோற்றுக் கிடாரங்கள் கழுவும் இடத்தில், அவனைப் பிடித்தாள்.

"ஆரக் கேட்டுச் சுருதியக் குறைச்சீங்க?"

"ஒருத்தரையும் கேக்கல்ல. ஒரு கட்டைதான் குறைச்சன்."

"எனக்குப் பாட ஏலாதெண்டு ஆர் சொன்ன?"

"உங்கட இருமல்." அவன் குரலில் கேலி இல்லை. "உங்களக் கேட்டிருக்கணும். அது என்ட பிழைதான். கேட்டா ஓமெண்டு சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் இன்னும் சுட்டது. இவ்வளவு நாள் மூடி வைத்ததை, காலையில் வந்த ஒருத்தன் திறந்து பார்த்துவிட்டானே...

உதயரூபன் வயரைச் சுற்றிக்கொண்டே வந்தார். அவர் காது சும்மா காது இல்லை.

"கடைசிப் பாட்டு கீழயெல்லோ போன? ஆரு செஞ்ச வேலை?"

முந்திக்கொண்டவன் ரதீஸ்.

"நான்தான் அண்ணன். உங்கட பாட்டுக்குக் குறைச்ச சுருதியத் திரும்ப ஏத்த மறந்திட்டன்."

"மறந்திட்டீரா? நேத்துப் பழகின பொடியன்கூட அந்தச் சுருதிப் பட்டனப் பாத்திட்டுத்தான் கை வைப்பான். புள்ள சமாளிச்சதால மானம் தப்பிச்சி. ஷிஹான் எழும்பட்டும். இனி உம்மக் கூப்பிடுறதா இல்ல."

ரதீஸ் தலையாட்டினான். கீபோட் உறையின் சிப்பை இழுத்து மூடத் தொடங்கினான். அவ்வளவுதான். வாய் திறக்காமல் நின்றால் அவள் இடம் அவளுக்கு. அடுத்த கிழமை பத்தாவது கலியாண வீடு, அதற்கடுத்தது பதினொன்று... அந்தச் சிப்பின் சத்தம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பிழை அவர்ட இல்ல அண்ணன். என்ட தொண்டை. அஞ்சு மாசமா மேல போகுதில்ல. தெரிஞ்சுதான் அவர் குறைச்சவர்."

உதயரூபன் வயரைச் சுற்றுவதை நிறுத்தினார். வெகுநேரம் அவளைப் பார்த்தார். அவர் முகத்திலும் ஒன்பது கலியாணங்களின் களைப்பு.

"டொக்டரிட்டக் காட்டினியா?"

"ரெண்டு மாசம் கதைக்காம இருக்கட்டாம்."

"இத என்னட்டச் சொல்ல உனக்கு அஞ்சு மாசமா? விசர்ப்புள்ள." பெருமூச்சு விட்டார். "அந்தக் கம்பஸ் புள்ள ரெண்டு மாசம் பாடட்டும். நீ வந்து பாடிக் காட்டு. குரல் வந்தா இடம் இரிக்கும். வராட்டி... அத அப்ப பாப்பம். நான் பொய் வாக்குத் தரமாட்டன். வேன்ல ஏறினதிலிருந்து வாயத் திறக்கப்படாது, விளங்கிச்சா?"

அவர் வயரோடு வேன் பக்கம் போனார். உள்ளே மாப்பிள்ளைத் தோழர்கள் யாரையோ பகிடி பண்ணிச் சிரித்தார்கள். மழை விட்டிருந்தது. கம்சாயினிக்கு உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. ஆனாலும் இன்று காலையில் இருந்த அலுப்பு அல்ல இது.

"ஏன் பழிய ஏத்துக்கொண்டீங்க? உங்களுக்கும் இது பிழைப்புத்தானே."

"பிழைப்புத்தான்..." அவன் காலடியில் இருந்த ஈர மணலைப் பார்த்தான். "வேன்ல நீங்க மேசையா எண்டு கேட்டீங்களே... அப்பவே குரல் கரகரத்தது. அது எனக்குப் பிடிச்சிது. பாடின குரலும் பிடிச்சிது. பாட்டே வராமப் போனாலும், கம்சாயினி, உங்களப் பிடிக்கும். சுத்தி வளைக்க எனக்குத் தெரியா. இப்ப ஒண்டும் சொல்ல வேணாம். ரெண்டு மாசம் கழிச்சுச் சொன்னாப் போதும்."

வாசலில் அஸ்பாக் ஹோர்ன் அடித்தார். உதயரூபன் ஏறிவிட்டார். டோலக் அடித்தவரும் ஏறிவிட்டார். கம்சாயினி வேன்வரை அவனோடு நடந்தாள். அதன் படியில் ஒரு காலை வைத்தவள், நின்றாள். உள்ளே போய்விட்டால் பிறகு இரண்டு மாத மௌனம்.

திரும்பி அவன் கண்களைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.

குரல் கிழிந்துதான் வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.