பதினோராவது ஊசி

செவ்வாயில் புதுத்தொண்டி ஊரின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசல். அங்கேயே பிறந்த பிள்ளைகள் இடது வாசல் வழியாக ஓடிப்போவார்கள். பூமியிலிருந்து வந்த பிள்ளைகள் வலது வாசலில் வரிசையாக நின்று, சுவரில் இருக்கும் துளைக்குள் விரலை நீட்டுவார்கள். உள்ளே ஒரு முள் குத்தும். குருதிக்கதவு ஒரு சொட்டு இரத்தத்தைச் சுவைத்து, இந்த உடம்பு எந்தெந்த நோயைத் தாங்கும் என்று படித்து, பதிவில் சான்றிதழும் இருந்தால் திறக்கும். தினமும் நடப்பதால் யாரும் அழுவதில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

எட்டு வயது ஜெனிட்டாவுக்கு மட்டும் இருபத்தேழு நாளாகக் கதவு திறக்கவில்லை.

அவளும் அவள் அம்மா பிலோமினாவும் தூத்துக்குடிப் பக்கம் கடல் கொண்டுபோன ஒரு கரையிலிருந்து அகதி முகாம் வழியாக வந்தவர்கள். பிலோமினாவுக்கு ஊரின் கண்ணாடிக் கூரையைத் துடைக்கும் வேலை, ஒன்பது வருட ஒப்பந்தம். புதிதாக வந்த பிள்ளை முப்பது நாளுக்குள் பதினொரு தடுப்பூசிக்கும் சான்றிதழ் காட்டிப் பள்ளியில் சேர வேண்டும். சேராத பிள்ளைக்குக் காற்றுப்பங்கு கிடையாது. மூச்சுக்கே பங்கு போட்டிருக்கும் ஊர் அது. பங்கில்லாத பிள்ளையை முப்பத்தோராம் நாள் சரக்குக் கப்பலில் உறைதூக்கத்தில் கிடத்தி, பூமியின் அநாதை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தம் முடியாமல் தாயால் பிள்ளையோடு போக முடியாது.

பத்து ஊசி போட்டாகிவிட்டது. இரண்டு தோளும் வீங்கிப் பிள்ளையால் சட்டைகூட மாட்ட முடியவில்லை. பாக்கி இருந்தது தட்டம்மை ஊசி.

பள்ளிப் பதிவாளர் இளம்பரிதி கெட்டவர் அல்ல. பிலோமினாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மறுப்பார்.

"ஊர்லயே ரெண்டு தடவ போட்டாச்சு சார். முகாம்ல சீட்டும் குடுத்தாவ" என்றாள் பிலோமினா.

"முகாம் சீட்டு செல்லாதும்மா. அதுல மருந்தோட தொகுதி எண் இல்ல."

"அப்ப இங்க இன்னொண்ணு போட்டுருங்க."

"இங்க அந்த மருந்தே இல்ல. செய்யறத விட்டு நாப்பது வருஷமாச்சு. உங்க பொண்ணு பேருக்கு ஒண்ணு கேட்டு எழுதியிருக்கேன். பூமியிலேர்ந்து வர ஏழு மாசம் ஆகும்."

"அப்ப உங்க ஊர்ப் பிள்ளையளுக்கு?"

"அவங்களுக்கு விலக்கு இருக்கும்மா. நோயே இல்லாத ஊர்ல எதுக்கு ஊசி?"

அந்த ஊர்ப் பெற்றோருக்கான படிவத்தில் 'எங்கள் வீட்டுக் கொள்கைக்கு ஒவ்வாது' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் டிக் போடுவார்கள். தன் மகன் துருவனுக்கு இளம்பரிதியும் வருடா வருடம் போட்டுவந்தார்.

பிலோமினா விடவில்லை. "கதவே சொல்லுது சார், இவளுக்கு அம்மை தாங்கும்னு. பச்சை எழுத்துல காட்டுதுல்லா?"

"காட்டுது. ஆனா அது ஊசியால வந்ததா, நோய் வந்து வந்ததான்னு கதவுக்குத் தெரியாதே. எனக்குச் சான்றிதழ் வேணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். அந்தப் பழமொழி மட்டும் எந்த ஊசியும் போடாமல் செவ்வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது.

இருபத்தெட்டாம் நாள் துருவனின் வகுப்பில் ஒரு பையனுக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. கடல் பார்க்கப் பூமிக்குச் சுற்றுலா போய்விட்டு வந்த குடும்பம் அவனுடையது. திரும்பி வரும் கப்பலில் அவனோடு சேர்ந்து நோயும் உறைந்து தூங்கியது, அவனோடு சேர்ந்து விழித்தது. உள்ளூர்க்காரர்கள் என்பதால் அவர்களிடம் யாரும் விரலை நீட்டச் சொல்லவில்லை.

ஊர் கதிகலங்கிப்போனது. மருந்தகத்தில் படியெடுப்பி என்றொரு பொறி இருந்தது. நோயைத் தாங்கும் ஒருவரின் இரத்தம் பத்துச் சொட்டு கிடைத்தால் போதும், அதிலுள்ள எதிர்ப்பைப் படியெடுத்து ஊருக்கே மருந்து செய்துவிடும். அந்த மருந்து ஆறு மாதம் காக்கும். யார் இரத்தம் என்று குருதிக்கதவின் பதிவுகளைத் துழாவினார்கள். எல்லோரையும்விட வலுவான எதிர்ப்பு ஜெனிட்டாவுக்கு இருந்தது. அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

வண்டி அனுப்பி அழைத்துப்போனார்கள். வீங்கிய கையில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். திரும்பி வரும்போது பிலோமினா மகளை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே உன்னைய அனுப்ப மாட்டாவட்டி" என்றாள். அவள் அதை முழுமனதாக நம்பினாள்.

சிவப்புத் தடிப்போடு வந்த பையன் பிழைக்கவில்லை. மற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் நானூறு பேருக்கும் முப்பதாம் நாள் மருந்து போட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். துருவனுக்கும் ஒன்று கிடைத்தது.

அன்று மாலை பிலோமினா மறுபடி பதிவாளர் முன்னால் நின்றாள். "இவ ரத்தத்துல செஞ்ச மருந்துக்கு நானூறு சான்றிதழ் குடுத்திருக்கிய. இவளுக்கும் ஒண்ணு குடுங்க சார்."

"மருந்து போட்டுக்கிட்டவங்களுக்குத்தாம்மா சான்றிதழ். இவளுக்குப் போடலியே."

"போட்டுருங்க."

"எதிர்ப்பு இருக்கறவங்களுக்குப் போட்டு வீணாக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"எதிர்ப்பு இருக்குன்னு நீங்களே சொல்லுதிய. அப்ப பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடுங்க."

இளம்பரிதிக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "சான்றிதழ் இல்லாம எப்படிம்மா?"

மறுநாள் கப்பல். அதன் வாசலிலும் ஒரு குருதிக்கதவு இருந்தது. ஊரைவிட்டுப் போகிறவர்களிடம் அது சான்றிதழ் கேட்பதில்லை. ஜெனிட்டா பழக்கப்படி விரலை நீட்டினாள். முள் குத்தியது, கதவு திறந்தது.

"அம்மா, எனக்குத் தொறந்துட்டு, பாத்தியளா" என்று திரும்பிச் சிரித்தாள்.

பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று பிலோமினா தலையை ஆட்டினாள். கதவு மூடிய பிறகும் அங்கேயே நின்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கங்காணிப் பொறி வந்து கூப்பிட்டது.

ஏழு மாதம் கழித்துப் பூமியிலிருந்து ஒரு சிறிய குளிர்ப்பெட்டி வந்தது. உள்ளே தட்டம்மை ஊசி ஒன்று, மேலே ஜெனிட்டாவின் பெயர். புதிய வகுப்புகள் தொடங்கும் வாரம் அது. நோய் பூமியிலிருந்துதானே வந்தது என்று ஊர்மன்றம் கூடி, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாவது ஊசி ஒன்றைச் சேர்த்திருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் ஊசி போடலாமே என்று யாரோ கேட்டபோது, அதான் நோய் போய்விட்டதே என்றார்கள்.

இளம்பரிதி பெட்டியின் மேல் 'பெறுநர் இல்லை, அழிக்கவும்' என்று எழுதி ஓரமாக வைத்தார். பிறகு துருவனின் படிவத்தை எடுத்து, 'எங்கள் வீட்டுக் கொள்கைக்கு ஒவ்வாது' என்ற கட்டத்தில் வழக்கம்போல் டிக் போட்டார்.