அத்தைக்குக் கூசாத வெளிச்சம்

சுசீலா அத்தைக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டாலும் ஹால் விளக்கு கண்ணைக் குத்தியது. அதனால் திரை இழுத்த அறைக்குள்ளேயே இருந்தார். கண்வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், பேச ஆளில்லாததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"மலரு, இந்தச் சுவத்துக்கிட்ட எல்லாக் கதையும் சொல்லி முடிச்சிட்டேன்லா!" என்றார்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் தேவமலருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அத்தையைப் பார்க்க, மாலையில் செர்காம் ஊரிலிருந்து வீராசாமி பெரியப்பா டுரியான் துங்காலில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வருகிறார்.

"அப்பா, ஹால் லைட்டை அணைச்சிட்டு அத்தைய இங்க உக்கார வைக்கலாமா?"

அப்பா காளிமுத்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்ட இருட்டாப் போட்டா அண்ணன் என்ன நினைப்பாரு? நம்ம வீடு வெள்ளிக்கிழமை இருண்டு கிடந்ததே இல்ல."

அதிலும் நியாயம் இருந்தது. வெளிச்சமும் வேண்டும், அத்தைக்குக் கூசவும் கூடாது.

பள்ளி அறிவியல் மன்றத்துக்காக வாங்கிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை தேவமலரிடம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கணினி அது. விளக்கின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் அதற்குக் கற்றுக்கொடுக்கலாம்.

அண்ணன் கிஷன் நாற்காலியை இழுத்து ஹால் விளக்கின் கீழே போட்டு ஏறினான். "இந்த லைட்டு வயரக் கழட்டித் தரேன். உன் போர்டுல மாட்டு."

"கீழ இறங்குண்ணா! அது இருநூத்து நாப்பது வோல்ட். என் போர்டு தாங்குறதே அஞ்சு வோல்ட்தான். போர்டும் கருகும், நீயும் கருகுவ!"

"சும்மா சொன்னேன்லா," என்று கிஷன் வேகமாக இறங்கினான்.

கூரை விளக்கின் வயரைத் தேவமலர் தொடவே இல்லை. அடாப்டரில் எரியும் பன்னிரண்டு வோல்ட் எல்இடி பட்டையை எடுத்தாள். பட்டையின் பன்னிரண்டு வோல்ட் பலகைக்குள் பாயாமலிருக்க, இரண்டுக்கும் நடுவே அதற்கென்றே விற்கும் சின்ன இணைப்புச் சில்லைப் பொருத்தினாள். திருகுவதற்கு ஒரு குமிழையும் சேர்த்தாள். பட்டையை டிவி அலமாரியின் பின்னால், சுவரைப் பார்க்கும்படி ஒட்டினாள். இணைப்புகளை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே, கூரை விளக்கை அணைத்துவிட்டுப் பட்டையின் சுவிட்சைத் தட்டினாள்.

பட்டை மினுக் மினுக்கென்று வெட்டியது.

அத்தை கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். "அடி ஆத்தி! இது என்ன, கல்யாண டின்னருக்குப் போடுற லைட்டா?"

தேவமலர் யோசித்தாள். விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றினால், கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும். மெதுவாகச் செய்தால் மினுக்கும். பலகைக்கு எழுதியிருந்த நிரலில், அந்த வேகத்துக்கான எண்ணை மாற்றினாள். மினுக்கல் நின்றது. குமிழைத் திருகத் திருக, சுவரெங்கும் இளமஞ்சள் வெளிச்சம் மெல்லப் பரவியது.

"போதும், இப்படியே விடு," என்றபடி அத்தை ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். "இது கூசல."

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

பெரியப்பா உள்ளே வந்ததும் அவர் கை நேராகக் கூரை விளக்கின் சுவிட்சுக்குப் போனது. "என்ன காளி, இன்னும் லைட் போடலியா?"

தேவமலர் அத்தையைப் பார்த்தாள். அத்தை மறுபடி அறைக்குள் போக வேண்டியதுதானா?

"கைய எடுங்கண்ணே," என்றார் அப்பா. "விளக்கு ஏத்தியாச்சு. நல்லாப் பாருங்க. எம்மவ செஞ்சது."

பெரியப்பா சுவரைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். மெதுவாக அதைத் திருகினார். வெளிச்சம் குறைந்தது. மறுபடி திருகினார். கூடியது. மறுபடியும்...

"அண்ணே, விளையாடுனது போதும்!" அத்தை சோபாவில் வசதியாகச் சாய்ந்தார். "இப்படி உக்காருங்க. ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு தெரியுமா?"

அந்தக் கதை முடிவதாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி சானாய் வாங்கி வர அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார்.