முப்பத்தொன்றோடு நின்ற வினாத்தாள்

பஹ்மியாவின் கணினி திருத்தும் கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுஹைரா உள்ளே வந்து கதிரையில் பொத்தென்று அமர்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ராத்தா, நான் வினாத்தாளை வெளியில விட்டனானாம். நாளைக்குள்ள இல்லையெண்டு காட்டாட்டி வேலைக்கு வரவேணாமாம்."

அபூதாஹிர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். துறைமுக இழுவைப் படகில் வானொலி இயக்கி ஓய்வுபெற்றவர். இப்போது பகல் முழுவதும் இந்தக் கடையில்தான். சிக்கல் என்று காதில் விழுந்தால் அவருக்குக் கால் நிலத்தில் நிற்காது.

ஓர்ஸ் ஹில் மேட்டில் உள்ள தனியார் பரீட்சை நிலையம் ஒன்றில் சுஹைரா தட்டச்சு செய்கிறாள். அவள் அடித்த விஞ்ஞான மாதிரி வினாத்தாள், அச்சுக்குப் போகுமுன்பே மூதூர் மாணவர்களின் போன்களில் உலாவியது. அந்தக் கணினியின் கடவுச்சொல் அவள் ஒருத்திக்கே தெரியும்.

வெளியான தாளைப் பஹ்மியா நிதானமாக வாசித்தாள். பன்னிரண்டாம் கேள்வியில் விரல் நின்றது.

"'உப்புக் கரைச்சலின் செறிவு' எண்டு கிடக்கு."

"அல்லாஹ்! அது கரைசல் எண்டு வரணும். நாப்பது கேள்வியும் முடிச்சாப்பிறகு வாசிச்சுத் திருத்திட்டன்."

"இது முப்பத்தொண்டோட நிக்குது."

"அப்ப ஜன்னலால போட்டோ எடுத்திருக்காங்க!" என்றார் அபூதாஹிர்.

"இது போட்டோ இல்ல நானா, ஃபைலேதான். முழுத்தாளும் கையில இருக்கிற ஆள் பாதித்தாளை ஏன் அனுப்பணும்? சுஹைரா, முப்பத்தோராவது கேள்வி அடிச்ச உடன என்ன செஞ்சீங்க?"

சுஹைரா யோசித்தாள். "சேவ் பண்ணினன். பாடத்திட்டத் திருத்தம் எண்டு ஒரு மெயில் வந்தது. அதில இருந்த டெக்ஸ்ட் ஃபைலை எடிட்டர்ல திறந்து பார்த்துட்டு மூடிட்டன். அவ்வளவுதான்."

நிலையத்தில் அந்தக் கணினியின் முன்னால் பஹ்மியா ஒரு மணிநேரம் இருந்தாள். பிறகு பணிப்பாளர் பாக்கியரத்தினத்தையும், கணினிகளைப் பராமரிக்கும் இன்பாஸையும் அழைத்தாள். இன்பாஸ் மாலையில் மூதூரில் டியூஷன் வகுப்பும் நடத்துபவர்.

"டெக்ஸ்ட் ஃபைல் வெறும் எழுத்துத்தானே? அது என்ன செய்ய ஏலும்?" என்றார் பணிப்பாளர்.

"இந்த எடிட்டர், தன்னை எப்படிக் காட்டணும் எண்டு ஃபைலுக்குள்ள எழுதியிருக்கிற சில அமைப்புகளைத் தானே வாசிச்சு நடக்கும், சேர். பழைய பதிப்பில அதில ஒரு ஓட்டை இருந்தது. அமைப்பு மாதிரி ஒரு கட்டளையை ஒளிச்சு வைச்சா, அதையும் செய்திடும். சுஹைரா திறந்த உடன, அதுவரைக்கும் சேவ் ஆன தாள் இணையத்தால வெளியில போயிருக்கு. ஓட்டையை அடைக்கிற அப்டேட் எட்டு மாசத்துக்கு முந்தியே வந்திட்டுது. இங்க போடேல்ல."

"இன்பாஸ் சேர்தான் தொடவேணாமெண்டவர்," என்றாள் சுஹைரா.

"அப்டேட் போட்டா தமிழ் எழுத்து குழம்பும்," என்றார் இன்பாஸ். "அதை விடுங்க. ஃபைலின்ட அடியில கிடந்த வரியைப் பார்க்காம மூடினது இவட கவலையீனம்."

கூடவே வந்திருந்த அபூதாஹிர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். பஹ்மியாவின் குரல் உயரவில்லை.

"அடியில எண்டு நான் சொல்லவேயில்லையே. அம்பது வெற்று வரிக்குக் கீழதான் அது கிடந்தது. இந்த மெயிலை இங்க என்னையும் சுஹைராவையும் தவிர ஒருத்தரும் பார்க்கேல்ல. அந்தக் கட்டளையில வினாத்தாள் இருக்கிற ஃபோல்டரின்ட பேரும் அப்படியே இருக்கு. முதல்ல இந்தக் கணினியை அமைச்சு அந்த ஃபோல்டரை உருவாக்கினது ஆர், சேர்?"

பாக்கியரத்தினம் இன்பாஸைச் சுட்டிக்காட்டினார். இன்பாஸ் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றினார். "என்ட வகுப்புப் பிள்ளைகள் போன சோதனையில நிறையப் பேர் பெயிலாகிட்டினம்…" என்றதோடு குரல் அடங்கியது. அதை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார்.

பணிப்பாளர் எழுந்து நின்றார். "பிள்ளை, விசாரிக்காமலே உங்களில பழி போட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. புதுத்தாள் ஒண்டு வேணும். நீங்கள்தான் அடிக்கவேணும்."

சுஹைரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பஹ்மியா புதிய பதிப்பை ஏற்றி, ஃபைலுக்குள் இருக்கும் அமைப்புகளை எடிட்டர் வாசிக்காதபடி நிறுத்தினாள். தமிழ் எழுத்து ஒன்றும் குழம்பவில்லை.

இறக்கத்தில் நடக்கும்போது அபூதாஹிர் மெல்லச் செருமினார்.

"பஹ்மியா, என்ட வீட்டு மெஷினும் அப்டேட் கேட்டுக்கொண்டே இருக்கு. மூண்டு வருஷமா 'பிறகு' எண்டுதான் அமத்திறன்."

பஹ்மியா நின்று அவரைப் பார்த்தாள். அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"நடவுங்க நானா, இப்பவே போவம்."