கடைசிப் பெயருக்குப் பிறகு

பட்டியலின் கடைசிப் பெயரை சார்ஜென்ட் நிகாசியோ வாசித்து முடித்த பிறகும், கோட்டை முற்றத்தில் இன்னொரு குரல் "இருக்கேன்" என்றது.

கவர்னர் டான் மெல்ச்சோர் அரிஸ்கூன் நிமிர்ந்து பார்த்தார். அந்திப் புழுதியில் நாற்பத்தொரு சிப்பாய்கள், மண்சுவரில் சாய்ந்த நாற்பத்தொரு நிழல்கள்; குதிரை லாயத்துச் சாணி நாற்றத்தையும் சமையல்கட்டில் சோள ரொட்டி கருகும் வாசனையையும் மீறி, காய்ந்து வெடித்த தண்ணீர்த் தோல்பையின் வாடை ஒன்று அவர் மூக்கில் ஏறியது.

"யாருய்யா அது, கடைசியா பதில் சொன்னது?"

"யாரும் சொல்லலியே ஐயா. பட்டியல் முடிஞ்சிருச்சு." நிகாசியோ குரலைத் தணித்தான். "பகல் பூரா வெயில்ல நிக்காதீங்கன்னா கேட்டாத்தானே."

மறுநாள் இரண்டு குரல்கள். அடுத்த நாள் மூன்று. நாக்கு வீங்கியவர்களின் அந்தக் குழறலை அவர் முன்பே கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வெறும் கேப்டனாக இருந்தபோது, வடக்குப் பாலைவனத்தில் ஊற்று வற்றிப்போய், நடக்க முடியாமல் விழுந்த ஒன்பது பேரிடம் "தண்ணியோட திரும்பி வர்றேன், இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த தோல்பைகளோடும் கோவேறு கழுதைகளோடும் கிளம்பியவர் அவர். திரும்பிப் போகவில்லை. ஒன்பது பேரும் அபாச்சிப் பழங்குடிகளோடு போரிட்டுச் செத்ததாக மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். நடக்காத அந்தப் போருக்குக் கிடைத்ததுதான் இந்தப் பதவி.

எட்டாம் நாள், "இனிமே பட்டியல் வாசிக்க வேணாம்" என்றார்.

"சரிங்க ஐயா. பசங்களுக்குக் கொண்டாட்டம்தான்" என்றான் நிகாசியோ.

ஒன்பதாம் நாள் அந்தி. அறைக் கதவைத் தாழிட்டு, மரப்பெட்டியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். முற்றம் காலியாக இருந்தது. ஆனாலும் யாரோ வாசிக்கத் தொடங்கினார்கள். நிதானமாக. அவர் மறந்துவிட்டதாக நினைத்திருந்த பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

நிகாசியோவைக் கூப்பிட வாய் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

ஒன்பது பெயர்கள் முடிந்தன.

பத்தாவது அவருடையது.

பல்லைக் கடித்தார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். விரல்களுக்கு நடுவிலிருந்து அவர் குரலே வந்தது: "இருக்கேன்."

பெட்டியை நகர்த்தியவை அவர் கைகள்தான். தாழ்ப்பாளைத் திறந்தவையும்.

கருகிய உதடுகளோடு ஒன்பது பேர். வரிசையாக. யாரும் அவரைப் பார்க்கவில்லை. நாலாமவனுக்கும் ஐந்தாமவனுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அவர் கால்கள் நடந்தன.