கூரை ஓட்டின் மேல் வழக்கு

லிசில்லா வந்து நின்றபோது அர்கேடமோஸ் ஆலிவ் காய்களைக் கீறி உப்பில் போட்டுக்கொண்டிருந்தார். ஏதென்ஸில் ஒரு வீட்டில் அகால மரணம் நடந்தால் தீட்டை எப்படிக் கழிப்பது, கொன்றவன் மேல் யார் வழக்குப் போடலாம் என்றெல்லாம் விதி சொல்லும் பொறுப்பு அவருடையது. ஊர் கொடுத்த கௌரவம். காசு வராது, தலைவலி தாராளமாக வரும்.

"ஐயா, என் வீட்டுக்காரரு தலையில ஓடு விழுந்து செத்தாருன்னு ஊரே சொல்லுது," என்றாள் லிசில்லா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாளைக்கு அந்த ஓட்டை விசாரிக்கப் போறாங்க. எனக்கு மனசு ஒப்பல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலாக்ரஸ் நிமிர்ந்தான். அவன் அர்கேடமோஸின் தங்கை மகன். வழக்காடுகிறவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். முப்பது வயதாகியும் வாய்க்குக் கதவு வைக்காத ஆள்.

"கேட்டீங்களா மாமா? கொலை!"

"சும்மா இருடா. அந்தம்மா இன்னும் சொல்லியே முடிக்கல."

லிசில்லா சொன்னாள். பத்து நாளைக்கு முன் உச்சிவேளையில் அவள் கணவர் தியோடிமஸ் முற்றத்தில் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு ஓடு. மேலே தாழ்வாரக் கூரையில் ஓர் ஓட்டின் இடம் காலி. அவளும் மகள் மெலித்தாவும் மாடியில் தறியில் இருந்தார்கள். தியோடிமஸின் தம்பி ஸ்த்ராட்டோன் சாப்பிட வந்திருந்தான். தான் கிளம்பித் தெருவுக்குப் போன பிறகுதான் சத்தம் கேட்டது என்கிறான். சமையல் செய்யும் அடிமை மானெஸை அவன்தான் மீன் வாங்கச் சந்தைக்கு அனுப்பியிருந்தான்.

"பக்கத்து வீட்டு நொண்டிக் கெபிசஸும் அன்னைக்குக் காலையில சாக்கடைத் தண்ணிக்காக வந்து கத்திட்டுப் போனாரு. ஆனா அவரு எப்பவும் கத்துறவருதான்."

"சாவுச் சடங்கெல்லாம் யாரு செஞ்சது?" என்று கேட்டார் அர்கேடமோஸ்.

"தம்பிதானே செய்யணும்? மணிக்கட்டுல சுளுக்குன்னு எதையும் தொடல. ஒன்பதாம் நாள் பலிக்குக்கூட ஒரு சிநேகிதனை விட்டுத்தான் செய்ய வச்சாரு."

அர்கேடமோஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

"விசாரணை முடிஞ்சிட்டா என்னம்மா ஆகும்?" என்றான் பிலாக்ரஸ்.

"என்ன ஆகும்? எம் மக புருஷன் கப்பல் சண்டையில போயிட்டான். பிள்ளை குட்டி இல்ல. ஆண் வாரிசு இல்லாத வீடு. சொத்தோட சேர்த்து அவளையும் சித்தப்பன் கட்டிக்கலாம்னு சட்டம். ஓட்டு மேல பழி விழுந்ததுமே அவளைக் கூட்டிட்டுப் போயிடுவாரு."  அழுதுவிட்டாள்.

ஓட்டை விசாரிப்பது என்றால் அந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால், கொன்ற பொருளைக் கூண்டில் ஏற்றுவார்கள். கல்லோ கட்டையோ, பழைய நான்கு குலங்களின் தலைவர்களான குலத்தரசர்கள் உட்கார்ந்து விசாரித்து நாடு கடத்துவார்கள். அத்தோடு கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு எவனும் வாயைத் திறக்க முடியாது.

அன்று பிற்பகலே இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். துணியில் சுற்றி வைத்திருந்த ஓட்டை அர்கேடமோஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் செம்மண் நிறம். மறுபக்கம் கன்னங்கரேல் என்றிருந்தது. விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். தாழ்வாரத்துக்குப் போய் அண்ணாந்து, காலியிடத்தைச் சுற்றியிருந்த ஓடுகளின் அடிப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுக்களைக்குள் நுழைந்து வந்தார். பிலாக்ரஸ் பின்னாலேயே சுற்றினான்.

"என்ன மாமா தெரியுது? சொல்லுங்களேன்!"

"பசிக்குதுன்னு தெரியுது. போய் எல்லாரையும் கூட்டிட்டு வா. நாளைக்கு ஓடு வெளியே போறதுக்கு முன்னாடி முற்றத்துச் சாமிக்கு ஒரு சாந்தி பண்ணணும்னு சொல்லு."

வீட்டைக் காக்கும் ஜீயஸின் பலிபீடம் முற்றத்தின் நடுவே இருந்தது. ஸ்த்ராட்டோன் வந்தான், உயரமான ஆள், துக்கத்துக்கு முடியை ஒட்டக் கத்தரித்திருந்தான். கெபிசஸ் கோலை ஊன்றி முனகிக்கொண்டே வந்தார். மானெஸ் ஓரமாக நின்றான். சந்தேகம் தன் பக்கம் திரும்பினால் சித்திரவதைதான் என்று அவனுக்குத் தெரியும். முகத்தில் ரத்தமே இல்லை. அறைக் கதவுக்குப் பின்னால் மெலித்தா நிற்பது அவள் ஆடையின் ஓரத்தால் மட்டும் தெரிந்தது.

"இதைக் கொஞ்சம் பிடிங்க, தரையில வைக்கக் கூடாது," என்று ஓட்டை ஸ்த்ராட்டோனிடம் நீட்டினார் அர்கேடமோஸ். கனமான ஓடு. அவன் இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டான். அவர் நிதானமாக நெருப்பை ஊதி, வாற்கோதுமைக் கூடையை எடுத்துவைத்து, பிறகு ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தீர்த்தக் கிண்ணம் சுற்றி வந்தது. கெபிசஸ் கையை நனைத்து, வாற்கோதுமை அள்ளிப் பீடத்தில் போட்டார். மானெஸ் போட்டான். பிலாக்ரஸ் போட்டான். ஸ்த்ராட்டோன் மட்டும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"எனக்கு மணிக்கட்டுல சுளுக்கு."

"இவ்வளவு நேரம் ஓட்டைப் பிடிச்சிருந்தது யாரு மணிக்கட்டு?" என்றார் அர்கேடமோஸ்.

பதிலுக்குக் காத்திராமல் அவர் சமையல்காரன் பக்கம் திரும்பினார்.

"மானெஸ், அடுக்களைப் புகை எந்த வழியா போகும்?"

"கூரையில ஒரு ஓட்டைக் கழட்டிச் சுவத்துல சாய்ச்சு வைப்பேங்க. அடுப்பு அணைஞ்சதும் மாட்டிருவேன்."

"அன்னைக்கு?"

"சாய்ச்சு வச்சிட்டுத்தான் மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்தப்ப மாட்டியிருந்துச்சு. ஐயா செத்த கலவரத்துல நான் அதைப் பத்தி யோசிக்கவே இல்லீங்க."

"எல்லாரும் இதைப் பாருங்க." அர்கேடமோஸ் ஓட்டின் கரி படிந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "வருஷக்கணக்கா அடுப்புப் புகை குடிச்ச ஓடு இது. தாழ்வார ஓடுங்களோட அடியில கரியே கிடையாது. அப்போ இது தாழ்வாரத்துல இருந்து விழல. அடுக்களைச் சுவத்துல சாஞ்சிருந்ததை ஒருத்தன் கையில எடுத்து அடிச்சிருக்கான். அப்புறம் விழுந்த மாதிரி காட்டத் தாழ்வாரத்துல ஒண்ணைப் பிடுங்கி, அதை அடுக்களைக் கூரையில இருந்த காலியிடத்துல மாட்டியிருக்கான். இப்பப் போய்ப் பாருங்க. அத்தனை கறுப்புக்கும் நடுவுல ஒண்ணு மட்டும் சிவப்பா இருக்கு."

"நான் நொண்டிப்பா! கூரைக்கு எட்டுவேனா?" என்று பதறினார் கெபிசஸ்.

"உங்களை யாரு சொன்னா? மானெஸ் சந்தையில இருந்தான். அவனை அனுப்பினது இவரு. கைக்குக் கூரை எட்டுற உயரமும் இவருக்குத்தான். அதையெல்லாம் விடுங்க. கொலைத் தீட்டோட பீடத்தைத் தொட்டா சாமி சும்மா விடாதுன்னு பயந்தவரு இங்க ஒருத்தர்தான். அண்ணனை அடிக்கப் பயப்படல, சாமிக்குப் பயந்துட்டாரு."

 வழக்குப் பேச்சின் முதல் வரி பிலாக்ரஸின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

ஸ்த்ராட்டோன் ஓடவில்லை, கத்தவும் இல்லை. முகம் வெளிறியது உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டு, பீடத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

"சரி, அப்படியே வச்சுக்குவோம். வழக்கு யாரு போடுறது? செத்தவனோட ரத்த சொந்தம்தான் போடணும். எங்கண்ணனுக்கு ரத்த சொந்தம்னு இருக்கிற ஆம்பிளை நான் ஒருத்தன்தான். விதி சொல்றவரே, நீங்களே சொல்லுங்க. நான் சொல்றது தப்பா?"

அர்கேடமோஸ் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பில்ல."

"மாமா!"

"தப்பில்லடா. இதே விதியை நானே எத்தனை வீட்டுல சொல்லியிருக்கேன்."

"செத்தவரோட மகளைக் கட்டினவன் போடலாமே! மருமகனுக்கு உரிமை இருக்கே!" என்றான் பிலாக்ரஸ். கதவுப் பக்கம் திரும்பினான். "அவங்களுக்குச் சம்மதம்னா நான் கட்டிக்கிறேன். இன்னைக்கே கட்டிக்கிறேன்."

"சம்மதம்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். தயக்கமே இல்லாத குரல்.

ஸ்த்ராட்டோன் வாய்விட்டுச் சிரித்தான். "மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு. ஆனா பொண்ணைக் குடுக்க வேண்டியது அவளோட காப்பாளன். அது யாரு? நான்தான். கேளு தம்பி, என்கிட்ட வந்து முறையாப் பொண்ணு கேளு."

பிலாக்ரஸ் அவன் மேல் பாய்ந்தான். கெபிசஸும் மானெஸும் பிடித்துக்கொண்டார்கள். அடித்தால் பிலாக்ரஸ் மேல்தான் வழக்கு வரும். அதைப் போட ஆயிரம் பேருக்கு உரிமை உண்டு. ஸ்த்ராட்டோன் போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான்.

லிசில்லா பீடத்தருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன செய்யலாம்யா? ஏதாவது சொல்லுங்க."

"ஈட்டி ஒண்ணைக் கல்லறையில நட்டு வச்சுக் காவல் இருங்கம்மா. கொன்னவன் நாசமாப் போகட்டும்னு சாபம் விடலாம். பேரு மட்டும் சொல்லக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா." இத்தனை வருடங்களில் மாமாவின் கண் கலங்கி பிலாக்ரஸ் பார்த்ததில்லை.

மறுநாள் குலத்தரசர்கள் நால்வரும் உட்கார்ந்தார்கள். கட்டியக்காரன் ஓட்டை அழைத்தான். ஓடு பதில் சொல்லவில்லை. மனிதன் எவன் மேலாவது குற்றம் சாட்டுகிறீர்களா என்று உறவினரைக் கேட்டார்கள். ஸ்த்ராட்டோன் எழுந்து, துக்கம் தோய்ந்த குரலில், "இல்லீங்க," என்றான். பின்வரிசையில் பிலாக்ரஸின் முழங்கையை அர்கேடமோஸ் இறுகப் பிடித்திருந்தார். ஓடு குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா நாட்டின் எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டு வரும் வேலை, விதி சொல்பவர் என்ற முறையில் அர்கேடமோஸின் தலையில் விழுந்தது.

கழுதை வண்டி அந்தத் தெருவழியாகத்தான் போக வேண்டியிருந்தது. லிசில்லாவின் வாசலில் ஸ்த்ராட்டோனின் ஆட்கள் மெலித்தாவின் பெட்டியையும் தறியையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெலித்தா நிலைப்படியில் நின்றாள். இப்போதுதான் பிலாக்ரஸ் அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தான்.

"அதை எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டாள்.

"எல்லைக்கு வெளியே. இனிமே இந்த மண்ணுக்குள்ள வரக் கூடாதாம்," என்றான் பிலாக்ரஸ்.

மெலித்தா ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடுத்து வச்ச ஓடு," என்றாள்.

வண்டி மலைப்பாதையில் ஏறியது. எல்லைக் கல்லருகே வண்டி நின்றதும் பிலாக்ரஸ் ஓட்டை எடுத்து, உடம்பில் இருந்த பலமெல்லாம் திரட்டி அந்தப் பக்கம் வீசினான். சுக்குநூறாகட்டும் என்றுதான் வீசினான். அது உடையவில்லை. புல்லில் விழுந்து ஒரு புரளல் புரண்டு, கரி படிந்த பக்கம் மேலே தெரிய, மல்லாந்து கிடந்தது.